நவம்பர் நாடகம் குறித்து எங்கள் தமிழ்ப்பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

நவம்பர் விழாவில் நம் பள்ளிப் பிள்ளைகள் போடப்போகும் 'முதல் நன்றித் திருநாள்' (அமெரிக்காவின் 'தேங்க்ஸ்கிவிங்') நாடகத்தில் ஒரு வரியைக்கூட மாற்றுவதில்லை என்று நீங்கள் எடுத்த முடிவை வாட்ஸாப் குழுவில் பார்த்தேன். அதற்கு முன்பு நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குக் கிடைத்த பதில், "சின்னப் பிள்ளைங்க நாடகம்தானே, இதைப் போய்ப் பெரிசு பண்ணாதீங்க" என்பதுதான். பெரிசு பண்ணத்தான் வேண்டியிருக்கிறது. தனியாகப் பேசி ஒன்றும் நடக்காததால், மற்ற பெற்றோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நாடகம் எழுதிய டீச்சர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வாரமெல்லாம் அலுவலக வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காசு வாங்காமல் வந்து நம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தருகிறவர். அவர் தழுவி எழுதிய ஆங்கில நாடகம் இந்த நாட்டுப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடிக்கப்படுவதுதான். என் வழக்கு உங்கள் முடிவோடு. இன்ன இன்ன இடத்தில் தவறு இருக்கிறது என்று எடுத்துச் சொன்ன பிறகும், அதையேதான் போடுவோம் என்கிறீர்களே, அதோடு.

நாடகத்தைப் படிக்காத பெற்றோருக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1620இல் மேஃபிளவர் என்ற கப்பலில் குடியேற வந்து இறங்கிய ஆங்கிலேய நல்லவர்கள் குளிரில் வாடுகிறார்கள். காட்டிலிருந்து இறகு வைத்த பூர்வகுடிகள் வருகிறார்கள். ஸ்குவாண்டோ என்பவர் ஆங்கிலத்தில் பேசி (நம் மேடையில் தமிழில்), மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் விதைக்கக் கற்றுத் தருகிறார். அறுவடை முடிந்ததும் எல்லோரும் கூடி உட்கார்ந்து வான்கோழி சாப்பிடுகிறார்கள். கடைசியில் கதைசொல்லி வந்து, "விருந்து முடிந்தது. அவர்கள் மகிழ்ச்சியோடு காட்டுக்குள் மறைந்து போனார்கள்" என்கிறாள். திரை விழுகிறது.

அந்தப் பூர்வகுடிகளுக்கு நாடகத்தில் பெயரே கிடையாது. அவர்கள் வாம்பனோவாக் மக்கள். நாம் வீடு வாங்கிக் குடியிருக்கும் இந்தத் தென்கிழக்கு மாசசூசெட்ஸும், ரோட் ஐலண்டின் கிழக்கு ஓரமும், கேப் காட்டும், மார்த்தாஸ் வின்யார்ட், நான்டக்கெட் தீவுகளும் அவர்களுடைய மண். ஒரு கிராமமோ ஒரு குழுவோ இல்லை, பல ஊர்களும் ஊருக்கு ஊர் தலைவர்களும் கொண்ட ஒரு சமூகம். நம் ஞாயிறு வகுப்பு நடக்கிற கட்டிடம்கூட அந்த மண்ணில்தான் நிற்கிறது.

வேடத்தைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. பெற்றோருக்கு வந்த பட்டியலில் உள்ள நீண்ட இறகுக் கிரீடமும், மேடைக்குச் செய்யச் சொல்லியிருக்கும் முக்கோணக் கூடாரமும் இந்த நாட்டின் நடுவிலுள்ள பெரும் சமவெளிகளில் வாழும் வேறு மக்களுடையவை. வாம்பனோவாக் வீடு இளங்கம்புகளை வளைத்துக் கட்டி, மேலே மரப்பட்டையோ பாயோ போர்த்திய குடில். பரதநாட்டியம் என்று சொல்லி யாராவது கதகளிக் கிரீடத்தை மாட்டி ஆடவிட்டால், நம் வாட்ஸாப் குழுவில் எத்தனை நாள் சண்டை நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சரி, அதை விடுவோம். துணிமணியை ஒரே நாளில் மாற்றிவிடலாம். எனக்குப் பிரச்சினை கதையில்தான்.

ஒத்திகைக்குப் போய்வந்த என் மகள் காரில் கேட்டாள்: "அவருக்கு மட்டும் எப்படிப்பா இங்கிலீஷ் தெரியும்?" நாடகத்தில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஸ்குவாண்டோ மேடைக்கு வரும்போது பின்குரல், "கடவுள் அனுப்பிய நண்பன்" என்கிறது. இது டீச்சரின் கற்பனை இல்லை. அந்தக் கப்பல்காரர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டே அவரைக் கடவுள் அனுப்பிய கருவி என்ற பொருளில்தான் எழுதி வைத்திருக்கிறார். நானூறு ஆண்டுகளாக அந்த வரி அப்படியே கைமாறி வந்து நம் பள்ளிக் கூடத்தில் இறங்கியிருக்கிறது.

உண்மைப் பதில் இது. அவர் பெயர் டிஸ்குவாண்டம். ஊர் பட்டக்செட். 1614இல், ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலக் கடலோடியின் பயணக் குழுவைச் சேர்ந்த தாமஸ் ஹண்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன், வியாபாரம் பேசலாம் என்று கப்பலுக்கு அழைத்து, பட்டக்செட்டைச் சேர்ந்த சுமார் இருபது பேரையும் கேப் காட் பக்கத்து நாசெட்டைச் சேர்ந்த ஏழு பேரையும் அடைத்துக்கொண்டு போனான். ஸ்பெயின் நாட்டின் மலாகா துறைமுகத்தில் அவர்களை அடிமைகளாக விற்கப் பார்த்தான். அப்படிப் போனவர்களில் ஒருவர்தான் டிஸ்குவாண்டம். அங்கிருந்து எப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்து, ஜான் ஸ்லேனி என்ற வணிகர் வீட்டில் இருந்தார். ஆங்கிலம் கற்றது அப்படித்தான். நியூஃபவுண்ட்லாந்து வழியாக முயன்று, கடைசியில் 1619இல் தாமஸ் டெர்மர் என்ற மாலுமியோடு சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். ஊர் இருந்தது. ஊரில் ஒருவரும் இல்லை.

1616 முதல் 1619 வரை ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த ஒரு கொள்ளைநோய் இந்தக் கடற்கரையைத் துடைத்துப் போட்டிருந்தது. என்ன நோய் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் ஒத்துப்போவதில்லை. பட்டக்செட் முழுவதும் அழிந்தது. புதைக்க ஆளில்லாமல் எலும்புகள் தரையிலேயே கிடந்ததை அப்புறம் வந்த ஆங்கிலேயர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1620 டிசம்பரில் மேஃபிளவர் கப்பல்காரர்கள் குடியேற இடம் தேடியபோது அவர்களுக்குப் பிடித்துப்போனது அந்த இடம்தான். நல்ல நீரோடை, ஏற்கெனவே காடு வெட்டித் திருத்திய வயல்கள், யாரும் உரிமை கோரி வரவில்லை. பிளிமத் என்று நாம் சுற்றுலா போகிற ஊர் அதுதான். மீனைப் புதைத்துச் சோளம் விதைக்கக் கற்றுக் கொடுத்தாரே, அந்த மனிதர் தன் சொந்தக்காரர்கள் உழைத்த வயலில் நின்றுதான் கற்றுக் கொடுத்தார்.

இதை என் மகளிடம் காரிலேயே சொன்னேன். அவளுக்குப் பத்து வயது. அழவில்லை, பயப்படவில்லை. "அப்போ நாடகத்துல அதைச் சொல்லணும்ல?" என்றாள். இந்தக் கேள்வியைத்தான் நான் உங்களுக்கு அனுப்பினேன்.

நாடகத்தில் வாடி நிற்கும் அந்தக் கப்பல்காரர்களின் துயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 102 பயணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்தார்கள். ஆனால் பிளிமத்துக்கு வருவதற்கு முன்பு, 1620 நவம்பரில், கேப் காட் முனையில் அவர்கள் செய்ததை அவர்களே எழுதி 1622இல் லண்டனில் புத்தகமாக அச்சிட்டார்கள். இன்றைய ட்ரூரோ பக்கம் மணல் மேட்டைத் தோண்டி, அங்கிருந்த மக்கள் அடுத்த விதைப்புக்காகக் கூடைகளில் புதைத்து வைத்திருந்த மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டார்கள். கல்லறைகளைத் திறந்து பார்த்தார்கள். ஒரு குழந்தையின் எலும்புகள் இருந்த புதைகுழியிலிருந்து அழகான சில பொருட்களை எடுத்துக்கொண்டு மறுபடி மூடினோம் என்று கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார்கள். சோளத்துக்கு மறு ஆண்டு ஈடு கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். டிசம்பரில் நாசெட் மக்கள் அவர்கள் மீது அம்பு எய்ததற்கு, 1614இல் ஹண்ட் செய்ததும் இந்தச் சோளமும் கல்லறையும்தான் பின்னணி. நம் நாடகத்தில் அந்தக் காட்சி, "முதலில் அவர்கள் எங்களைக் கண்டு பயந்தார்கள்" என்ற ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது.

அதே புத்தகத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. எனக்கு அதுதான் ரொம்ப நாளாக மனசில் நிற்கிறது. 1621 கோடையில், காணாமல் போன ஓர் ஆங்கிலச் சிறுவனைத் தேடி பிளிமத்காரர்கள் சிலர் படகில் கேப் காட் போகிறார்கள். இன்றைய பார்ன்ஸ்டபிள் பக்கம், கம்மாக்விட் என்ற இடத்தில், அந்த ஊர்த் தலைவர் ஐயனோ அவர்களை நன்றாக உபசரிக்கிறார். அங்கே நூறு வயதுக்குக் குறையாது என்று அவர்கள் கணித்த ஒரு கிழவி அவர்களைப் பார்க்க வருகிறாள். ஆங்கிலேயரை அவள் அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் வாய்விட்டு அழுகிறாள். ஏன் என்று விசாரித்தால், அவளுடைய மூன்று மகன்கள் ஹண்டின் கப்பலுக்கு வியாபாரம் செய்யப் போனவர்கள், ஸ்பெயினுக்குக் கொண்டுபோகப்பட்டு, திரும்பி வரவில்லை. வயதான காலத்தில் கஞ்சி ஊற்ற ஒரு பிள்ளை இல்லை. ஹண்ட் கெட்டவன், நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம் என்று இவர்கள் சொல்லி, சில சில்லறைப் பொருட்களைக் கொடுத்துச் சமாதானப்படுத்துகிறார்கள். காணாமல் போன ஒரு பையனைத் தேடி வந்தவர்கள், மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் முன்னால் நிற்கிறார்கள். அவர்கள் தேடிவந்த பையன் பத்திரமாகக் கிடைத்துவிட்டான். புகழ்பெற்ற அந்த விருந்துக்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது இது. பதினைந்து நிமிட நாடகத்துக்கு இதைவிட ஒரு காட்சி வேண்டுமா என்று நாடகம் தெரிந்த யாரையாவது கேளுங்கள்.

இனி விருந்து. அது நடந்தது, மறுக்கவில்லை. அதைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது எட்வர்ட் வின்ஸ்லோ 1621 டிசம்பரில் எழுதிய கடிதத்தில் ஒரு சிறிய பகுதிதான். அறுவடை முடிந்தது, நான்கு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார்கள், துப்பாக்கிப் பயிற்சி செய்தார்கள், வாம்பனோவாக் மக்களின் பெருந்தலைவர் தொண்ணூறு ஆட்களோடு வந்தார், மூன்று நாள் விருந்து, அவர்கள் போய் ஐந்து மான்களை அடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அவ்வளவுதான். அழைப்பு அனுப்பியதாக அதில் ஒரு சொல் இல்லை. நன்றித் திருநாள் என்றும் இல்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டு, என்ன விபரீதமோ என்று பார்க்க ஆட்களோடு வந்திருப்பார் என்று வாம்பனோவாக் மக்கள் பலர் சொல்கிறார்கள். உயிரோடு மிஞ்சியிருந்த ஆங்கிலேயர் ஐம்பது பேர் போலத்தான். வந்தவர்கள் தொண்ணூறு பேர். யார் யாருக்கு விருந்து போட்டது என்பதே கொஞ்சம் யோசிக்க வேண்டிய கணக்கு. நம் மேடையில் ஆங்கிலேயர் பன்னிரண்டு பிள்ளைகள், பூர்வகுடிகள் நான்கு பிள்ளைகள்.

அந்தத் தலைவர் ஊசாமிக்வின். மாசசாய்ட் என்ற அவருடைய பட்டத்தைத்தான் பாடப்புத்தகங்கள் பெயராகப் போடுகின்றன. நம் நாடகத்தில் அவர் 'தலைவர்-1'. அவருக்கு மூன்று வசனங்கள், மூன்றும் வரவேற்பு. 1621 மார்ச்சில் அவர் பிளிமத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது வெள்ளை மனசினால் மட்டும் என்று நினைப்பது அவருடைய மூளையை அவமதிப்பது. கொள்ளைநோயில் அவர் மக்களில் பெரும்பகுதி போய்விட்டது. மேற்கே நாரகான்செட் மக்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. அவர்கள் பலத்தோடு இருந்தார்கள், இவரிடம் கப்பம் கேட்கும் நிலையில் இருந்தார்கள். கையில் துப்பாக்கி வைத்திருந்த இந்தச் சின்னக் கூட்டத்தை நம் பக்கம் வைத்துக்கொண்டால் நல்லது என்று கணக்குப் போட்டார். ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை, வெளியார் தாக்கினால் உதவுவது என்பதுதான் ஒப்பந்தம். அவர் உயிரோடு இருந்தவரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அது எப்படியோ தாக்குப் பிடித்தது. அவ்வளவு காலம் ஓர் அமைதியை இழுத்துப் பிடித்து நடத்திய ஒரு ராஜதந்திரியைத்தான் நாம் "வாருங்கள், வாருங்கள்" என்று கைகூப்ப வைத்திருக்கிறோம்.

விருந்தை முதல் நன்றித் திருநாள் ஆக்கியது பின்னால் வந்தவர்கள். 1841இல் அலெக்சாண்டர் யங் என்ற பாஸ்டன் பாதிரியார் வின்ஸ்லோவின் கடிதத்தைப் பதிப்பித்தபோது, இதுவே முதல் நன்றித் திருநாள் என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டார். 1863இல் உள்நாட்டுப் போர் நடுவே லிங்கன் நாடு முழுவதற்கும் நன்றி நாளை அறிவித்தார். அந்த அறிவிப்பில் பிளிமத்தும் இல்லை, விருந்தும் இல்லை. பள்ளி நாடகங்களும் காகித இறகுகளும் அதற்கும் பிறகு வந்தவை.

"மகிழ்ச்சியோடு மறைந்து போனார்கள்" என்று நம் கதைசொல்லி முடிக்கிறாளே, அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும். ஊசாமிக்வினுக்குப் பின் மூத்த மகன் வாம்சட்டா தலைவரானார். 1662இல் பிளிமத்காரர்கள் அவரை ஆயுதத்தோடு போய் விசாரணைக்கு அழைத்து வந்தார்கள். அந்தப் பயணத்திலேயே நோயுற்று இறந்தார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று அவர் மக்கள் நம்பினார்கள். அழைத்துவரப் போனவர் ஜோசையா வின்ஸ்லோ, விருந்தைப் பற்றிக் கடிதம் எழுதினாரே எட்வர்ட் வின்ஸ்லோ, அவருடைய மகன். அடுத்து ஊசாமிக்வினின் இளைய மகன் மெட்டாகாம் தலைவரானார். ஆங்கிலேயர் அவரை ஃபிலிப் என்று கூப்பிட்டார்கள். நிலம் துண்டு துண்டாகக் கைமாறிக்கொண்டே இருந்தது. ஆங்கிலேயரின் மாடும் பன்றியும் சோள வயல்களை மேய்ந்தன. வழக்கென்று போனால் ஆங்கிலேயர் மன்றத்தில்தான் தீர்ப்பு. 1675 ஜூனில் போர் வெடித்தபோது பிளிமத்தின் ஆளுநர் அதே ஜோசையா வின்ஸ்லோ. ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் எதிரெதிரே நின்றார்கள்.

1676 ஆகஸ்ட் 12 அன்று மெட்டாகாம் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலைக் கூறுபோட்டார்கள். தலை பிளிமத்துக்கு வந்த நாள் ஆகஸ்ட் 17. பிளிமத்தில் அன்றைக்கு நன்றி நாள், கடவுளுக்கு நன்றி சொல்லும் நாளாக முறைப்படி அறிவிக்கப்பட்ட நாள். தலையைக் கம்பத்தில் செருகி ஊர் நடுவே பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். மெட்டாகாமின் மனைவியும் ஒன்பது வயது மகனும் பிடிபட்டார்கள். அந்தச் சிறுவனைக் கொன்றுவிடலாமா என்று பாதிரியார்கள் வேதாகமத்தைப் புரட்டி விவாதித்துக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் அடிமையாக விற்றுக் கப்பலேற்றினார்கள். ஊசாமிக்வினின் பேரன் அவன். பொக்காசெட் மக்களின் தலைவியாக இருந்த வீட்டமூ என்ற பெண்மணி டான்டன் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவர் தலையையும் வெட்டி டான்டனில் காட்சிக்கு வைத்தார்கள். கிறித்தவம் தழுவி, ஆங்கிலேயரை நம்பி வாழ்ந்த நேட்டிக் ஊர்ப் பூர்வகுடிகளை 1675 அக்டோபரில் பாஸ்டன் துறைமுகத்தின் டியர் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். பசியிலும் குளிரிலும் பலர் செத்தார்கள். நம்மில் பலர் கோடையில் நடைப்பயிற்சிக்குப் போகும் இடம் அது. இப்போது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது.

இந்த ரத்தத்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மேடையில் காட்டச் சொல்கிறேனா? இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு வெட்டிய தலையைக் காட்ட எந்தத் தகப்பனும் கேட்க மாட்டான். கதையைப் பாதியில் நிறுத்தலாம், குழந்தைகளுக்கு அப்படித்தான் சொல்வோம். ஆனால் நிறுத்துகிற இடத்தில் பொய்யான ஒரு முடிவை ஒட்டக் கூடாது. எட்டப்பனையும் தூக்குமரத்தையும் கட்டபொம்மன் நாடகத்தில் போன வருடம் இதே மேடையில் இதே வயதுப் பிள்ளைகள் நடித்தார்கள். அன்றைக்கு யாரும் வயதைப் பற்றிப் பேசவில்லை.

குழுவில் ஒருவர் என்னிடம், "நாமே பிழைக்க வந்தவங்க, இவங்க பழைய சண்டையில நமக்கென்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அப்படியானால் நாடகமே போடாமல் இருந்திருக்கலாமே. ஒரு பக்கத்துக் கதையை வேடம் கட்டி ஆடிவிட்டு, மறுபக்கம் கேட்டால் மட்டும் நாம் வெளியார் என்றால் எப்படி? அப்புறம், இது நம்மோடு ஒட்டாத கதையும் இல்லை. இதே பாஸ்டனில் 1649இல் பிறந்த எலிஹு யேல்தான் பிற்பாடு சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராகி, பெரும் சொத்துச் சேர்த்துக்கொண்டு இங்கிலாந்து போனார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் உலகம் அவ்வளவு சின்னது.

எனக்குத் தாங்க முடியாத வரி எது என்று கேட்டால், காட்டுக்குள் மறைந்து போனார்கள் என்பதுதான். அவர்கள் எங்கேயும் போகவில்லை. கேப் காட்டின் மாஷ்பீயில் இருக்கிறார்கள், மார்த்தாஸ் வின்யார்டின் அக்வின்னாவில் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளோடு ஒரே கால்பந்து லீக்கில் ஆடக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள். ஜூலை மாதம் மாஷ்பீயில் நடக்கும் பவ்வாவ் திருவிழாவுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். நான் குடும்பத்தோடு போயிருக்கிறேன், கூட்டம் தாங்காது. நவம்பர் நான்காம் வியாழனன்று, நாமெல்லாம் வான்கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில், பிளிமத்தின் கோல்ஸ் ஹில் மேட்டில் ஊசாமிக்வின் சிலையருகே பூர்வகுடிகளும் அவர்களோடு நிற்க விரும்புகிறவர்களும் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். பேசுவது பூர்வகுடிகள் மட்டும். மற்றவர்கள் கேட்கலாம். குளிரில் கால் மரத்துப்போக நின்று நானும் கேட்டிருக்கிறேன்.

அது தொடங்கிய விதத்தை நிர்வாகக் குழுவினர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1970இல் மேஃபிளவர் வந்த 350ஆம் ஆண்டு விழா. அக்வின்னா வாம்பனோவாக் சமூகத்தைச் சேர்ந்த வாம்சட்டா ஃபிராங்க் ஜேம்ஸை அரசு விருந்தில் பேச அழைத்தார்கள். உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்தார்கள். கல்லறைத் தோண்டலும் சோளமும் அதில் இருந்தன. இது வேண்டாம், நாங்கள் எழுதித் தருவதைப் படியுங்கள் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு, அந்த நவம்பரில் கோல்ஸ் ஹில்லில் நின்று பேசினார். அன்றிலிருந்து ஆண்டு தவறாமல் நடக்கிறது.

மாஷ்பீ மக்கள் தாங்கள் ஓர் இனக்குழு என்பதை நிரூபிக்கவே நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 1970களின் இறுதியில் நடந்த நில வழக்கில் ஜூரி அதை ஏற்கவில்லை. மத்திய அரசின் அங்கீகாரம் 2007இல்தான் கிடைத்தது. 2015இல் 321 ஏக்கர் நிலத்தை மத்திய அரசு அவர்களுக்காகத் தன் பொறுப்பில் எடுத்துப் பாதுகாத்தது. 2020 மார்ச் மாதம், கொரோனாவில் நாடே முடங்கிக் கிடந்தபோது, அந்த நிலத்துக்கான பாதுகாப்பை நீக்குவதாக வாஷிங்டனிலிருந்து தகவல் வந்தது. வழக்காடி, 2021 இறுதியில் அந்தப் பாதுகாப்பு உறுதிப்பட்டது. விருந்து நடந்து சரியாக 400 ஆண்டுகள். 1621இல் மறைந்து போனவர்கள் 2021இல் எப்படி வழக்கு ஜெயித்தார்கள் என்று என் மகள் கேட்டால், உங்கள் நாடகப்படி நான் என்ன சொல்வது?

தமிழ்ப்பள்ளி நடத்துகிற நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இன்னும் இருக்கிறது. வாம்பனோவாக் மொழி நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசுவோர் இல்லாமல் கிடந்தது. 1993இல் மாஷ்பீயைச் சேர்ந்த ஜெசி லிட்டில் டோ பேர்ட் அதை மீட்கும் வேலையைத் தொடங்கினார். எம்ஐடியில் மொழியியல் படித்தார். அவருடைய முன்னோர் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் தங்கள் மொழியிலேயே எழுதிவைத்த நிலப் பத்திரங்கள், உயில்கள், மனுக்கள், 1663இல் இங்கே பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் அச்சான பைபிள் மொழிபெயர்ப்பு, இவற்றிலிருந்து இலக்கணத்தைத் திரட்டினார். அவருடைய மகள் அந்த மொழியைப் பிறந்ததிலிருந்தே கேட்டு வளர்ந்தாள், பல தலைமுறைகளுக்குப் பிறகு அப்படி வளர்ந்த முதல் குழந்தை. இன்றைக்கு மாஷ்பீயில் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மொழியில் பள்ளி நடக்கிறது. "வீட்டுல தமிழ் பேசுங்க" என்று மாதம் ஒருமுறை பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பும் நமக்கு, ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இப்படி ஒரு பள்ளி இருப்பது தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நம் நாடகத்தில் கிடைத்திருப்பது காகித இறகு.

நான் கேட்பவை இவை.

இந்த நாடகப் பிரதியை இந்த நவம்பரில் மேடையேற்றாதீர்கள். ஒத்திகை பார்த்த பிள்ளைகளின் உழைப்பு வீணாகக் கூடாது. அதே பிள்ளைகளை வைத்து, டிஸ்குவாண்டம் ஊர் திரும்பிய கதையையும் கம்மாக்விட் கிழவியின் கதையையும் பதினைந்து நிமிடத்தில் சொல்லலாம். டீச்சரோடு உட்கார்ந்து எழுத நான் தயார். மாறிய பிரதியிலும் பூர்வகுடிப் பாத்திரங்கள் எல்லோருக்கும் பெயர் இருக்க வேண்டும். இறகுக் கிரீடம், முகச்சாயம், முக்கோணக் கூடாரம் மூன்றையும் வேடப் பட்டியலிலிருந்து இந்த வாரமே நீக்கி, ஏற்கெனவே வாங்கிவிட்ட பெற்றோருக்குப் பள்ளி நிதியிலிருந்து பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

மாஷ்பீ, அக்வின்னா சமூகங்களின் கல்விப் பிரிவுகளுக்கு முறைப்படி எழுதி, நம் பிள்ளைகளோடு பேச ஒருவரை அழையுங்கள். பொங்கல் விழாவுக்கு ஊரிலிருந்து வரும் பேச்சாளருக்குச் சன்மானம் கொடுப்பதைப்போல அவருக்கும் கொடுக்க வேண்டும். அவர் என்ன பேசப்போகிறார் என்று முன்கூட்டி எழுதி வாங்கக் கூடாது. வசந்த காலச் சுற்றுலாவில் பிளிமத் பாறையோடு நிறுத்தாமல் மாஷ்பீயில் உள்ள வாம்பனோவாக் அருங்காட்சியகத்தையும் சேருங்கள்.

வாட்ஸாப்பில் கட்டைவிரல் படம் போட்டு இதை முடித்துவிடாமல், ஏற்கிறீர்களா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று அடுத்த ஒத்திகைக்கு முன்பாக எல்லாப் பெற்றோருக்கும் எழுத்தில் பதில் அனுப்புங்கள். பிரதி மாறவில்லை என்றால் என் மகள் அந்த மேடையில் ஏற மாட்டாள். அது அவளே எடுத்த முடிவு. அதற்காக அவளுடைய வருகைப் பதிவிலோ மதிப்பெண்ணிலோ கை வைக்கக் கூடாது என்பதையும் அந்தப் பதிலிலேயே உறுதிப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
நான்காம் நிலை மாணவி ஒருத்தியின் அப்பா